44: ஒரு டாங்கிப் படை பிறந்து கலைந்த கதை

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்துவிட்டால் திருச்சுழிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் டிராக்டரை இறக்க எந்தச் சம்சாரியும் துணியமாட்டார். மேலே பார்க்க மண் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். சக்கரம் பட்டதும் வெண்ணெயாய் வழுக்கும். அடுத்த சுற்றில் அச்சு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே காடு மாசி, பங்குனியில் பாளம் பாளமாக வெடித்து, லாரியே ஓட்டலாம் என்கிற அளவுக்கு இறுகிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் உண்டாக்கிய ஒரு கவச டிவிஷனின் கதையைச் சொல்லப்போகிறேன். கதை நடந்த இடத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே கடல் கிடக்கிறது. ஆனாலும் அந்தப் படையின் தலையெழுத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கரிசல் மண்ணைத் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

44 ஆவது இந்தியக் கவச டிவிஷன். 1943இன் தொடக்கத்தில் பிறந்தது, 1944இன் தொடக்கத்தில் கலைந்தது. டிவிஷனாக அது எந்தப் போர்முனைக்கும் போகவில்லை. போர் வரலாறுகளில் தேடினால் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாக அகப்படும். ஆனால் அதன் டாங்கிகளோடு பின்னாளில் போர்முனைக்குப் போன ஒரு ரெஜிமென்டின் வேரை நூல் பிடித்துப் போனால் ஆற்காட்டு நவாப்பின் லாயத்தில் கொண்டுபோய் விடுகிறது.

போர் தொடங்கிய 1939இல் இந்திய ராணுவத்தில் 21 குதிரைப்படை ரெஜிமென்டுகள் இருந்தன. அவற்றில் மூன்று, பயிற்சி தருவதற்கென்றே இருந்தவை. ஐரோப்பாவில் குதிரைக்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. இங்கேயோ குதிரை வீரர்களான சவார்கள் காலையில் குதிரைக்குத் தேய்த்துவிட்டுத்தான் பரேடுக்கு வந்தார்கள். இயந்திரத்துக்கு மாற்றும் வேலை 1938இல் மெல்லத் தொடங்கியிருந்தது. சிந்து ஹார்ஸ் என்ற ரெஜிமென்ட் அந்த ஆண்டு ஏப்ரலில் ராவல்பிண்டியில் குதிரைகளுக்குக் கடைசி அணிவகுப்பு நடத்தி விடைகொடுத்தது. சேணத்தில் உட்கார்ந்து பழகியவரை இரும்புப் பெட்டிக்குள் உட்காரவைப்பது சாமானியமான காரியமில்லை. கியர் போட, இன்ஜினின் சத்தத்தை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்க, ரேடியோவில் பேச, ஓடிக்கொண்டே குறிபார்க்க என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். அகமத்நகரில் இருந்த பயிற்சிப் பள்ளி கிராமத்து இளைஞர்களை வரிசை வரிசையாக ஓட்டுநர்களாகவும் பீரங்கிக்காரர்களாகவும் ஆக்கி அனுப்பியது. குதிரை போனாலும் சவார், ரிசால்தார் என்ற பதவிப் பெயர்களை மட்டும் யாரும் விடவில்லை. இன்றைக்கும் டாங்கி ரெஜிமென்டில் அதே பெயர்கள்தாம்.

ஆள் கிடைத்தார்கள். டாங்கி எங்கே? இந்தியாவில் அன்று டாங்கி செய்ய ஒரு பட்டறையும் கிடையாது. இங்கே செய்ய முடிந்தது கவச வண்டி வரைக்கும்தான். கனடாவிலிருந்து ஃபோர்டு சேசிஸ் கப்பலில் வரும். டாடாவின் இரும்புத் தகடுகளை அதன்மேல் பொருத்துவார்கள். டாடாநகர் என்றே அந்த வண்டிக்குப் பெயர் விழுந்தது. நாலாயிரத்துக்கும் அதிகமான வண்டிகள் அப்படி வெளிவந்தன. உண்மையான டாங்கி வேண்டுமென்றால் பிரிட்டனும் அமெரிக்காவும் மனம் வைக்க வேண்டும். அவர்கள் பார்வையில் வட ஆப்பிரிக்கா முதலில், ருஷ்யா அடுத்து. இந்தியா பந்தியின் கடைசி வரிசை.

இந்த நிலைமையில்தான் டெல்லி மூன்று கவச டிவிஷன்களுக்குத் திட்டம் போட்டது. ஒரு கவச டிவிஷன் என்றால் சும்மா நூற்றுச் சொச்சம் டாங்கிகளைக் கூட்டி நிறுத்துவதல்ல. டாங்கி பிரிகேடு, லாரியில் போகும் காலாட்படை, பீரங்கிப்படை, பாலம் போடும் சாப்பர்கள், சிக்னல், பழுது பார்க்கும் பட்டறை, பெட்ரோலும் சோறும் சுமக்கும் லாரிக் கூட்டம் என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் ஒரே தலைமையின் கீழ் நகர வேண்டும். முதலாவது டிவிஷன் 1940 ஜூலையில் உருவானது. 1941இன் கடைசியில் அதற்கு 31 என்று புது எண் கொடுத்தார்கள். யானைச் சின்னத்தோடு அது இராக்குக்குப் போனது. ஈரான், சிரியா, எகிப்து என்று சுற்றியது. பெரும் பகுதி காலம் டாங்கிக்காகக் காத்திருந்தது. அதிலிருந்து பிரித்து அனுப்பிய மூன்றாவது மோட்டார் பிரிகேடுதான் அடி வாங்கியது. 1942 மே 27ஆம் தேதி லிபியாவின் பிர் ஹக்கீமுக்குத் தெற்கே இத்தாலியின் அரியெட்டே டாங்கி டிவிஷன் விடியற்காலையில் அதன்மேல் ஏறிப் போனது.

இரண்டாவதுக்கு 32, மூன்றாவதுக்கு 43 என்று எண்கள். இரண்டும் பிறந்த நேரம்தான் பொல்லாத நேரம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஜப்பான்காரன் எந்தக் கரையில் இறங்குவானோ என்ற பயத்தில் தெற்கே காவலுக்கென்று 19, 25 என்ற காலாட்படை டிவிஷன்களை நிறுத்தினார்கள். எதிரி கடற்கரையில் இறங்கினால் சமவெளியில் வேகமாக ஓடிப் போய் அடிக்கக் கவசப் படை வேண்டும் என்ற கணக்கு அன்றைக்குச் சரியான கணக்குத்தான்.

அந்தச் சமயம் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு வந்துகொண்டிருந்த செய்தி வேறு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமெல்லாம் அப்போது அந்த ஜில்லாதான். மழை பொய்த்தால் பர்மாவுக்குக் கப்பலேறுவது இங்கே பழகிப்போன வழி. அரிசி ஆலையில், துறைமுகத்தில், செட்டியார் கடையில் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். முப்பதுகளின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் அத்தனையும் விட்டுவிட்டு ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். பணம் இருந்தவர் கப்பலில். இல்லாதவர் தமு, பலேல் வழியே மலையேறி மணிப்பூருக்குக் கால்நடையாக. காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

பின்வாங்கிய பிரிட்டிஷ் டாங்கிப் படையும் அதே பக்கம்தான் வந்தது. சிந்துவின் ஆறு குறுக்கே நின்றது. டாங்கியைத் தாங்கும் பாலம் இல்லை. மீதியிருந்த டாங்கிகளை ஆற்றங்கரையிலேயே உடைத்துப் போட்டுவிட்டு வீரர்கள் நடந்தார்கள். ஒரே ஒரு ஸ்டூவர்ட் டாங்கியை மட்டும் எப்படியோ படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். பின்னாளில் ஏழாவது லைட் கேவல்ரி அந்த டாங்கியின் தலையைக் கழற்றிவிட்டுத் தளபதிக்கு வண்டியாக வைத்துக்கொண்டு திரும்பப் பர்மாவுக்குள் நுழைந்தது.

இனி 44க்கு வருவோம். 1943 பிறந்தபோது கணக்கு மாறிவிட்டது. ஜப்பான் கடல் வழியாக இறங்கும் பயம் குறைந்தது. சண்டை என்றால் பர்மா எல்லை மலைகளில்தான் என்று தெளிவானது. அங்கே ரோடு கிடையாது, பாலம் கிடையாது, மூங்கில் காடும் செங்குத்து மலையும்தான். ஒரு டிவிஷன் அளவுக்கு டாங்கி ஓட இடமும் இல்லை, ஓட்ட டாங்கியும் இல்லை. ஆகவே 32ஐயும் 43ஐயும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அந்த ஒட்டுக்குப் பிறந்ததுதான் 44. அதன் கீழ் இருந்த முக்கியமான டாங்கிப் படை 255 ஆவது பிரிகேடு. ஓராண்டு பயிற்சியும் அணிவகுப்புமாகப் போனது. 1944இல் அந்தத் தலைமையகத்தையும் கலைத்தார்கள். கையிலிருந்த ஆட்களையும் எண்ணையும் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த பாராசூட் படைக்குக் கொடுத்தார்கள். அது 44 ஆவது இந்திய வான்வழி டிவிஷன் ஆனது. டாங்கி பிரிகேடுகள் தனித்தனியாகப் பிரிந்து காலாட்படைக்குத் துணையாகப் போயின.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் போரில் டெல்லித் தலைமையகம் எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் இது ஒன்று. பெயருக்காகவும் பதவிகளுக்காகவும் ஒரு படையைக் கட்டிக்காத்துக் கொண்டிருக்காமல், இருந்ததை வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு தலைமையகத்தைத் தொடங்குவதைவிட மூடுவது கஷ்டம் என்பது நம் ஊர் சர்க்கார் அலுவலகங்களைப் பார்த்தாலே தெரியும்.

பிரித்ததன் பலன் முதலில் இம்பாலில் தெரிந்தது. 32இன் வழியில் வந்த 254 ஆவது பிரிகேடு அங்கே இருந்தது. 1944 ஏப்ரல் 13. இம்பால் சமவெளிக்கு மேலே ஆயிரம் அடி உயர்ந்து நின்ற நுன்ஷிகும் குன்றை ஜப்பானியர் பிடித்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் விமானத் தளம் கையில் இருக்கிற மாதிரி. டோக்ரா காலாட்படையோடு, பிரிட்டிஷ் ரெஜிமென்டான மூன்றாவது கராபினியர்ஸின் லீ டாங்கிகளும் அந்தச் சரிவில் ஏறின. முகட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். ஓரம் தவறினால் உருண்டு கீழே. உள்ளே உட்கார்ந்திருந்தால் பாதை தெரியாது என்று அதிகாரிகள் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டி வழி சொன்னார்கள். அப்படி நீட்டிய தலைகளைக் குறிபார்த்துச் சுட்டார்கள். அந்த டாங்கி அணியின் அதிகாரிகள் அத்தனை பேரும் செத்தோ காயம்பட்டோ விழுந்த பிறகு ஒரு சார்ஜென்ட் மேஜர் தலைமை ஏற்று உச்சியைப் பிடித்தார். அந்தச் சரிவில் டாங்கி ஏறும் என்று ஜப்பானியர் கனவிலும் நினைக்கவில்லை. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவு டாங்கிகள் செய்த வேலை அது. டிவிஷனைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்தால் நிற்க இடம் இருந்திருக்காது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் கரிசல்காட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பர்மா என்றதும் நம் மனசில் மழையும் காடும் தேக்கும் நெல்லும் வருகின்றன. நாட்டின் நடுவே, மாண்டலேக்குத் தெற்கே ஒரு வானம் பார்த்த பூமி இருக்கிறது. மேற்கே இருக்கும் மலை மழையை வாங்கிக்கொள்வதால் அங்கே ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குள்தான் பெய்யும். எள், பருத்தி, நிலக்கடலை, சோளம் விளைகின்றன. வயல் வரப்பெல்லாம் பனை. நம் ஊர்ப் பனையேதான், பதநீர் இறக்குகிறார்கள், கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். ஊருக்கு ஊர் மழைநீர் தேக்கக் கண்மாய். மெய்க்திலா என்ற ஊரே ஒரு பழைய பெரிய கண்மாயைச் சுற்றி வளர்ந்த ஊர். குண்டாற்றங்கரையிலிருந்து ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அங்கே இறக்கினால், கோயிலுக்குப் பதில் பகோடாவைப் பார்க்கிற வரைக்கும் வெளியூர் வந்த நினைப்பே வராது.

பதினான்காவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம் ஜப்பானியரை இழுத்துப்போட விரும்பியது இந்த நிலத்துக்குத்தான். காட்டில் அவர்கள் கை ஓங்கும். வெட்டவெளியில் டாங்கியும் விமானமும் வைத்திருப்பவன் கை ஓங்கும். 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்துவின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீள மிதவைப் பாலம் போட்டார்கள். 1942இல் டாங்கிகளை உடைத்துப் போட்ட அதே ஆறு. 1945 பிப்ரவரி 14ஆம் தேதி பகான் அருகே நியாங்குவில் ஐராவதியைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் ஜப்பானியரோடு குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் நின்றது. அந்த ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து திரளாகச் சேர்ந்த தமிழர்கள் இருந்தார்கள்.

பிறகு 255 ஆவது பிரிகேடின் ஷெர்மன் டாங்கிகள், 17 ஆவது காலாட்படை டிவிஷனோடு கிழக்கே பாய்ந்தன. ஒவ்வொன்றும் முப்பது டன். பிரிகேடியர் கிளாட் பெர்ட், போலோ ஆட்டத்தில் பேர் பெற்ற குதிரைக்காரர். புரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் என்று ஏழாண்டுக்கு முன் குதிரையில் போன ரெஜிமென்டுகள் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த எள்ளுக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. நமக்கு அது மாசி மாதம். பத்து நாளில் மெய்க்திலாவின் வாசல். மார்ச் முதல் வாரத்தில் ஊர் கைக்கு வந்தது. ஜப்பானியப் படைகளுக்கெல்லாம் உணவும் வெடிமருந்தும் போகிற குடல் அந்த ஊர்.

அங்கே டாங்கியை எதிர்க்க ஜப்பானியரிடம் போதிய பீரங்கி இல்லை. ரோட்டோரமும் வெளியிலும் குழி வெட்டி, ஆளுக்கு ஒரு குழியில் உட்கார்ந்தார்கள். மடியில் 250 கிலோ விமானக் குண்டு, மூக்கு மேலே பார்த்தபடி. கையில் ஒரு கல். டாங்கி தலைக்கு மேல் வந்ததும் கல்லால் குண்டின் மூக்கில் ஓங்கி அடிக்க வேண்டியது. அவ்வளவுதான் திட்டம். டாங்கியைத் தவிர வேறு எதற்கும் அசையக்கூடாது என்பது உத்தரவு. பக்கத்தில் காலாட்படையின் காலடிச் சத்தம் கேட்டாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாங்கிக்கு முன்னே நடந்த இந்தியச் சிப்பாய்கள் குழி குழியாகப் பார்த்துச் சுட்டுக்கொண்டே போனார்கள். டாங்கியும் காலாளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் போகும் இந்த முறையைப் பழக்கியது, டிவிஷனைப் பிரித்துக் காலாட்படையோடு கலந்ததுதான்.

ஏப்ரலில் ரங்கூனை நோக்கி ஓட்டம். பருவமழை மே நடுவில் வரும். அதற்குள் துறைமுகத்தைப் பிடிக்காவிட்டால் படைக்குச் சோறு போட முடியாது. டாங்கிகள் ஏப்ரல் கடைசியில் பெகு வரை வந்துவிட்டன. ரங்கூனுக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் சொச்சம். வறண்ட நாடு முடிந்து நெல்வயல் நாடு தொடங்கிவிட்டது. மழையும் இரண்டு வாரம் முந்திக்கொண்டு கொட்டியது. ஆறுகள் பெருகின, வயல் குளமானது, வண்டிகள் புதைந்தன. ரங்கூனை முதலில் தொடும் பெருமை டாங்கிகளுக்குக் கிடைக்கவில்லை. மே முதல் தேதி ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் எலிஃபன்ட் பாயின்ட் என்ற இடத்தில் கூர்க்கா பாராசூட் வீரர்கள் வானத்திலிருந்து குதித்துக் கரையோர பீரங்கிகளைப் பிடித்தார்கள். மறுநாள் கடல் வழியே படை இறங்கியது; மே 3ஆம் தேதி ரங்கூன். குதித்தவர்கள் 44 ஆவது இந்திய வான்வழி டிவிஷனின் ஆட்கள். 44 கவச டிவிஷனில் இருந்த டாங்கிகள் பெகுப் பக்கம் சேற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த எண்ணை வாங்கிக்கொண்ட படை போர்முனையில் இறங்கியது.

ஆற்காட்டு நவாப்பின் லாயத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. 255 பிரிகேடோடு கவசக் கார்களில் மெய்க்திலாவுக்குப் போன ரெஜிமென்ட் 16 ஆவது லைட் கேவல்ரி. குவெட்டாவிலிருந்து மணிப்பூர் வரை நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பயணம் செய்து வந்து சேர்ந்தது. தலைமை தாங்கியவர் வங்காளியான ஜெயந்தநாத் சவுத்ரி. இந்த ரெஜிமென்ட் 1776இல் நவாப்பின் குதிரைப்படையாகத் தொடங்கி, 1784இல் கும்பெனிக்கு மாறி, மெட்ராஸ் குதிரைப்படையாக வளர்ந்தது. இம்பாலில் சண்டையிட்ட ஏழாவது லைட் கேவல்ரிக்கும் அதே மெட்ராஸ் வம்சம். ஆனால் 1945இல் அந்த வண்டிகளுக்குள் தேடினால் தமிழர் கிடைக்கமாட்டார். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர். பிறகு அவர் இந்தியாவுக்கே தலைமைத் தளபதி ஆனதும் அந்த முடிவு கொள்கையாகிவிட்டது. வடக்கே ஆள் எடுத்து, பேரில் மட்டும் மெட்ராஸை வைத்துக்கொண்டு, அதையும் பிறகு எடுத்துவிட்டார்கள். ஐராவதியின் ஒரு கரையில் தமிழரில்லாத மெட்ராஸ் குதிரைப்படை. மறுகரையில் நேதாஜி படைத் தமிழர்கள். தமிழன் சண்டை போடமாட்டான் என்ற சித்தாந்தத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டாம். பிரிட்டிஷ் பக்கத்திலும் பாலம் போட்ட மெட்ராஸ் சாப்பர்களும், லாரி ஓட்டிய தென்னாட்டு டிரைவர்களும் இல்லாமல் அந்தப் போர் நகர்ந்திருக்காது.

மூன்று கவச டிவிஷன்களில் தப்பியது மூத்த பிள்ளையான 31 மட்டும். 1945 செப்டம்பரில் அது மறுபடி முதலாவது கவச டிவிஷன் என்று பெயர் பெற்றது. 1948இல் ஹைதராபாத்துக்குள் நுழைந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் மெய்க்திலாவில் பார்த்த அதே சவுத்ரி. 16 ஆவது லைட் கேவல்ரி விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மறுபடி தென்னாட்டு ஆட்களை எடுக்கத் தொடங்கியது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், சியால்கோட் பக்கம் பிலோராச் சண்டையில் அது முதலாவது கவச டிவிஷனோடு போனது. அப்போது டாங்கிக்குள் தமிழ் பேசினார்கள். சவுத்ரி அன்றைக்கு நாட்டின் ராணுவத் தளபதி. அதே ஆண்டு டிசம்பரில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் செய்த முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.